தொகுதியைத் தொலைத்த உறுப்பினர்கள்

தைவான்: ஒரு தீவின் கதை – 9

தொகுதிப் பக்கம் தலைகாட்டாத உறுப்பினர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். தைவானில் இருந்தவர்களோ, நினைத்தாலும் தொகுதிக்குப் போக முடியாதவர்கள்!

1947-48இல் சீனா முழுக்கத் தேர்தல் நடந்தது. 1949இல் மாவோவிடம் தோற்ற சியாங் கை-ஷேக்கின் அரசு தைவானுக்கு இடம்பெயர்ந்தபோது, ஷாங்காய்க்கும் ஷாண்டோங்குக்கும் தேர்வான உறுப்பினர்கள் பலரும் கூடவே வந்தார்கள். ‘மொத்தச் சீனாவுக்கும் நாங்களே அரசு’ என்று சொல்லிக்கொள்ள சியாங்குக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். பெருநிலத்தை மீட்கும்வரை மறுதேர்தல் இல்லை என்றாயிற்று. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேசியப் பேரவையில் ஓர் உறுப்பினர் இறந்தால், அந்தப் பழைய தேர்தலில் அடுத்த இடம் பெற்றவர் வந்து உட்கார்ந்தார்.

தீவுக்காரர்களுக்கு இதில் என்ன பங்கு? 1947 பிப்ரவரி 28இல் வெடித்த கிளர்ச்சியில் அவர்களில் ஆயிரக்கணக்கானோரைப் படைகள் கொன்றிருந்தன. 1949 முதல் 38 ஆண்டுகள் ராணுவச் சட்டம். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். 1969 முதல் தீவுக்கென்று சில இடங்கள் சேர்க்கப்பட்டாலும், பெரும்பான்மை பழையவர்கள் கையிலேயே இருந்தது.

1990இல் அந்தப் பெரியவர்களில் சிலர் சக்கர நாற்காலியில் பேரவைக்கு வந்தார்கள். வந்த கையோடு தங்கள் படியை உயர்த்திக்கொள்ளவும் முனைந்தார்கள். மாணவர்கள் பொறுமையிழந்தார்கள். மார்ச்சில் தாய்பேயின் சியாங் நினைவு மண்டபச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவே காட்டு லில்லி மலரின் பெரிய உருவம். தைவானில் பிறந்த முதல் குடியரசுத் தலைவரான லீ டெங்-ஹுய், மாணவப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். ஜூனில் அரசியல் சட்ட நீதிபதிகளின் தீர்ப்பு வந்தது: 1991 டிசம்பர் 31க்குள் பழையவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

1992 டிசம்பரில் தீவு மக்கள் சட்டமன்றம் முழுவதையும் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பெருநிலத்திலிருந்து வந்த குடும்பங்களும் அதே வரிசையில் நின்று வாக்களித்தன. அந்த ஆண்டு செங்சி பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில், ‘நான் தைவானியர் மட்டுமே’ என்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ‘சீனர் மட்டுமே’ என்றவர்கள் நான்கில் ஒருவர். இன்று தைவானியர் என்போர் 60 சதவீதத்துக்கும் மேல். தனி இனம் என்ற உணர்வு முற்றியபின் அங்கே வாக்குரிமை வரவில்லை. சேர்ந்து வாக்களிக்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலோர் தங்களைத் தைவானியர் என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்து, குடியரசுத் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1996 மார்ச் 23 என்று நாள் குறித்தார்கள். பெய்ஜிங் தன் பதிலை ஏவுகணைகளில் அனுப்பியது.

(தொடரும்)