களப்பும் கணக்கும்: புத்தளக் கரையோரக் கழிமுக மீட்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மேற்குக் கரையிலே, சிலாபம் களப்புத் தொடங்கிக் கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை நீண்டு கிடக்கும் பிரதேசத்தைத் தென்னையும் உப்பும் இறாலும் தரும் மாவட்டமாகவே பொதுவாகக் குறிப்பிடுவர். இப்பொருள்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆனால் இவற்றை விளைவிக்கும் பொருட்டு அழிக்கப்பட்ட கழிமுகங்களையும் கண்டற்காடுகளையும் மீளக் கட்டியெழுப்ப எடுக்கப்பட்ட முயற்சிகளுக்கும் இப்பொழுது ஒரு வரலாறு உண்டு. அம்முயற்சிகளை யார் திட்டமிட்டனர், அவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது, அப்பணம் எதனை எண்ணிக் கணக்கெடுத்தது என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நட்ட கன்றுகளை எண்ணிய திட்டங்கள் பெரும்பாலும் தோற்றன என்பதும், நீரின் வழியைத் திறந்து, அந்நீரை நம்பி வாழ்வோரின் பொறுப்பில் அதனை விட்ட முயற்சிகளே நிலைக்கத் தொடங்கியுள்ளன என்பதும் இவ்வாய்வின் முடிபாகும்.

புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது, ஆழங் குறைந்தது. வடக்கே அது கடலுக்குத் திறந்திருக்கின்றது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதற்கு நன்னீரைக் கொணர்கின்றன. தெற்கே ஒல்லாந்தர் கால்வாய் வழியாக அது முந்தல் ஏரியுடன் இணைகின்றது. கடலின் உவர்நீரும் ஆற்றின் நன்னீரும் கலக்கும் விகிதமே களப்பின் உயிர்நிலை. ஆற்றுநீர் குன்றும் வரட்சிக் காலத்தில் களப்பின் தென்பகுதி கடலைவிட உவர்ப்பாகிவிடுகின்றது. களப்பிற் செழிப்பான கண்டற்காடு கலா ஓயாவின் முகத்துவாரத்தை ஒட்டியே காணப்படுவது தற்செயலானதன்று. கடலிற் பிறக்கும் இறாற்குஞ்சுகள் களப்பினுட் புகுந்து, கண்டல் வேர்களுக்கும் கடற்புற்களுக்கும் இடையில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. கழியையும் கண்டலையும் நெய்தல் நிலத்தின் அடையாளங்களாகக் கொண்ட சங்கப் புலவர்கள் இப்பிணைப்பை நன்கறிந்திருந்தனர் எனலாம்.

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பட்டூட்டா, தாம் கரையிறங்கிய பட்டாள என்னும் ஊரின் கரையில் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாகக் கூறுகிறார். அவ்வூரைப் புத்தளமென ஆய்வாளர் அடையாளங் கண்டுள்ளனர். உள்நாட்டுக் காடுகளுக்கும் கரைக்குமிடையே ஆறுகள் தடையின்றி ஓடிய காலத்தின் சான்றாக இக்குறிப்பைக் கொள்ளலாம். பின்னர் வந்த ஆட்சிகள் இந்நீரைத் தத்தம் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்தின. கற்பிட்டியிற் கோட்டை அமைத்த ஒல்லாந்தர், களப்புகளைக் கால்வாயால் இணைத்து அவற்றைப் போக்குவரத்துப் பாதையாக்கினர். உப்பு வாணிகத்தை அவர்களும் ஆங்கிலேயரும் அரசின் தனியுரிமையாக வைத்திருந்தனர். கற்பிட்டியிற் பிறந்து, புத்தளத்தில் மணியக்காரராகப் பணியாற்றிய சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை பற்றிய விவரத் திரட்டு, இத்தகைய பிரதேசங்கள் நிருவாகத்தின் கணக்கேடுகளுக்குள் வந்துசேர்ந்த காலத்தின் விளைபொருளாகும். இருபதாம் நூற்றாண்டில் கலா ஓயாவுக்குக் குறுக்கே இராஜாங்கனையும் மீ ஓயாவுக்குக் குறுக்கே இங்கினிமிட்டியவும் அமைக்கப்பட்டன. வயலுக்குக் கிடைத்த நீரிற் களப்பின் பங்கு என்னவென்று எவரும் கேட்கவில்லை.

எனினும், களப்பின் உறுப்புகளையே வெட்டியெறிந்த மாற்றம் 1980களில் தொடங்கிய இறால் வளர்ப்பாகும். 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை, ஏற்றுமதிக்குச் சலுகையளித்தது. அரச நிலங்கள் குத்தகைக்கு விடப்பட்டன. அனுமதியின்றிப் பிடிக்கப்பட்ட நிலங்களும் பல. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கால்வாயின் இருமருங்கிலும் கண்டற்காடுகளும் உவர்ச் சதுப்புகளும் வெட்டப்பட்டுக் குளங்களாயின. நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு வேண்டுமென 1993இல் விதிக்கப்பட்டது. அவ்வெல்லைக்குட்பட்ட சிறு பண்ணைகள் ஒவ்வொன்றாகப் பெருகியமையால் விதியின் நோக்கம் நிறைவேறவில்லை.

இவ்வமைப்பின் உள்முரண்பாடு அதன் நீர்வழியிலேயே இருந்தது. ஒரு பண்ணை கழிவுநீரை விட்ட அதே கால்வாயிலிருந்தே அடுத்த பண்ணை தனக்கான நீரை எடுத்தது. ஆகவே ஒருவரது குளத்தில் தோன்றிய நோய் அனைவரது குளத்துக்கும் பரவியது. 1980களின் இறுதியிலேயே முதலாவது நோய்த்தாக்கம் ஏற்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோயும் 1998இல் மஞ்சட்டலை நோயும் தொழிலை நிலைகுலையச் செய்தன. முதலிட்டவர்கள் பலர் விலகிச் சென்றனர். வரம்புகளோ அங்கேயே நின்றன. வற்றுப்பெருக்கு உட்புகாத அந்நிலங்களில் உப்புப் பூத்தது. காற்றுப்பட்ட சேறு அமிலத் தன்மை அடைந்தது. இலாபம் தனியாருடையதாக இருந்தது, பாழ்நிலம் பொதுமக்களுடையதாயிற்று. வலைஞர் இழந்த மீன்வளம் எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை.

இக்காலப்பகுதியில் வேறொரு துயரமும் இக்கரையை வந்தடைந்தது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அவர்களுட் சிலர் பிழைப்புக்காகக் களப்பை நாடினர். சுருங்கிய களப்பில் உரிமைப் பூசல்கள் தோன்றின. இதனை வந்தோருக்கும் இருந்தோருக்கும் இடையிலான பகையாக மட்டும் காண்பது மேலோட்டமான பார்வையாகும். இரு சாராரும் பகிர வேண்டியிருந்த வளத்தை முன்னரே வேறு கைகள் குறைத்துவிட்டன என்பதே அடிப்படை உண்மை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டற்காடு உலகின் கவனத்தைப் பெற்றது. வெளிநாட்டு நிதி பெருமளவில் வந்தது. குறித்த ஆண்டுக்குள் செலவிடப்படவேண்டிய பணத்துக்கு எளிதில் எண்ணக்கூடிய ஒரு பயன் வேண்டும்; நட்ட கன்று அத்தகைய அலகாயிற்று. இதன் விளைவை 2017இல் கொடிக்கார முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்துகின்றது. இலங்கையில் அவர்கள் பரிசோதித்த 23 இடங்களுள் ஒன்பதில் ஒரு கன்றேனும் உயிரோடிருக்கவில்லை. நடுகை நடைபெற்ற 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான பரப்பில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே வெற்றியளித்தது. பொருந்தாத நிலமட்டமும் மண்ணும், கால்நடைகளின் மிதிப்பு, வரட்சி, நட்டபின் பராமரிப்பின்மை ஆகியவை காரணங்களாயின. கண்டல் எங்கும் வளரும் மரமன்று. ஒவ்வோர் இனமும் வற்றுப்பெருக்கு நாளில் எவ்வளவு நேரம் தன்னை மூடுகின்றது என்பதைக் கொண்டே தனக்குரிய இடத்தைப் பிடிக்கின்றது. அவ்விடம் நீரால் நிருணயிக்கப்படுவது. திட்ட அறிக்கையால் நிருணயிக்கப்படுவதன்று.

அதே ஆய்வில் ஐம்பது சதவீதத்துக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்னும் அம்மூன்றில் முதலிரண்டும் புத்தளம் மாவட்டத்தவை என்பது நோக்கற்பாலது. பம்பல, சிலாபம் களப்பின் கரையிலுள்ளது. சிறுமீனவர் கூட்டமைப்பாகத் தொடங்கி இன்று சுதீச எனப்படும் நிறுவனத்தின் இருப்பிடமும் அதுவே. நட்ட பின்னர் பார்ப்பதற்கு ஆளிருந்த இடம் என்பதே அதன் சிறப்பு. 2015இல் இந்நிறுவனமும் அமெரிக்காவின் சீக்கோலொஜி அமைப்பும் இலங்கை அரசும் இணைந்து, 34 இலட்சம் டொலர் செலவில், நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் ஐந்தாண்டுத் திட்டத்தை அறிவித்தன. கரையோரப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறுகடனும் அளித்து, அவர்களைக் காடுகளின் காவலராக்குவது அதன் நோக்கம். 2016 யூலையில் பம்பலயில் கண்டல் அரும்பொருட்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. கன்றை விடுத்து மனிதரிடம் பணத்தைச் செலுத்தியமை இத்திட்டத்தின் முன்னேற்றமாகும். ஆயினும் 3,880 ஹெக்டேயரில் மீள்நடுகை என்ற இலக்கும் அதனோடு சேர்ந்தே வந்தது. பரப்பை எண்ணும் பழக்கம் முற்றாக விடுபடவில்லை. மேலும், காட்டை அழித்தவர் முதலீட்டாளராயிருக்க, காக்கும் கடமையோடு கடன் அடைக்கும் கடமையும் ஏழைப் பெண்ணின் தோளில் ஏற்றப்படுவது பற்றியும் சிந்திக்கவேண்டும்.

ஒப்புநோக்குக்காகப் பசுபிக் கரையிலுள்ள வாசிங்டன் மாநிலத்தைக் குறிப்பிடலாம். அங்கு சால்மன் மீன் ஆற்றிற் பிறந்து, கழிமுகத்தில் வளர்ந்து, கடலுக்குச் சென்று, முட்டையிட ஆற்றுக்கு மீள்கின்றது. நமது இறாலின் பயணத்தை மறுதலையாக்கினாற் போன்றது அது. கழிமுகம் அடைபட்டால் இரண்டும் அழியும். நிஸ்குவாலி ஆற்றின் முகத்துவாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாயத்துக்காக வரம்பிட்டு அடைக்கப்பட்டது. 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையால் உறுதியளிக்கப்பட்ட மீன்பிடி உரிமைக்காக நிஸ்குவாலிப் பழங்குடியினர் நெடுங்காலம் போராடினர். அவர்களுள் ஒருவரான பில்லி பிராங்க் ஐம்பது முறைக்கு மேல் கைதானவர். பிடிக்கத்தக்க மீனிற் பாதி பழங்குடியினருக்குரியது என 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். 1999இல் மாநில சட்டசபை சால்மன் மீட்புக்கென நிதிச்சபை ஒன்றை அமைத்தது. உள்ளூர்க் குழுக்கள் தத்தம் ஆற்றுப்படுகைக்கான வேலைகளை வரிசைப்படுத்தி முன்வைப்பதும், அறிவியலாளர் அவற்றைப் பரிசீலிப்பதும், அதன் பின்னரே நிதி வழங்குவதும் அதன் நடைமுறையாகும். 2009இல் நிஸ்குவாலி வரம்பு அகற்றப்பட்டு 762 ஏக்கர் நிலத்துக்குக் கடல்நீர் திரும்பியது. இங்கு கருதவேண்டியது கால வரிசையாகும்: முதலில் உரிமை, பின்னர் நிதியமைப்பு, அதன்பின் வரம்பு உடைப்பு. மீனில் உரிமை பெற்றோரே மீனின் வாழ்விடத்துக்காகவும் வாதாடும் வலுவைப் பெற்றனர்.

இத்தகைய வரம்பு உடைப்பு புத்தளத்திலும் தொடங்கியுள்ளது. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான், பழைய குளத்தொடரைக் கொண்ட 1,397 ஹெக்டேயர் நிலமாகும். 1997இல் சரணாலயமாகவும் 2001இல் ராம்சார் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள்ளும் கைவிடப்பட்ட இறாற் குளங்கள் உள்ளன. 2020 முதல் வனசீவராசிகள் திணைக்களமும் வயம்பப் பல்கலைக்கழகமும் ஆடை உற்பத்தி நிறுவனமான எம்.ஏ.எஸ். நிறுவனமும் இணைந்து அங்கு மேற்கொண்டுவரும் பணியின் அடிப்படை, இயற்கை மீளுருவாக்கத்தை விரைவுபடுத்துதல் ஆகும். நீர்ப்போக்கை முதலிற் சீராக்கினால், அலையோடு மிதந்துவரும் வித்துகள் தமக்குரிய மட்டத்தில் தாமே வேரூன்றும். பேராசிரியர் செவ்வந்தி ஜயக்கொடி இப்பணியில் முன்னிற்பவர். இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலக மீட்பு முன்மாதிரிகளுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் 2020ஆம் ஆண்டிலேயே இச்சரணாலயத்தின் ஒரு பகுதி இறாற் பண்ணைக்காக இயந்திரங் கொண்டு அழிக்கப்பட்டமையும் மறத்தற்குரியதன்று. ஒருபுறம் வரம்பு உடைபட, மறுபுறம் புதுவரம்பு எழுமாயின் எந்நிதியும் போதாது.

2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அடைந்தபின், மீட்புப் பணிக்கு அரச நிதியை எதிர்பார்ப்பது கடினமாயிற்று. கண்டல் மண்ணில் தேங்கும் கரிமத்தை விலைப்படுத்தும் யோசனைகள் இவ்வெற்றிடத்தை நிரப்ப முன்வருகின்றன. கன்றும் ஹெக்டேயரும் எண்ணப்பட்ட இடத்தில் இனிக் கரிமத் தொன் எண்ணப்படலாம். அக்கணக்கின் வருவாய் யாருக்குச் சேரும் என்பதை இப்பொழுதே கேட்பது ஆய்வாளரின் கடமை.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். மீட்பு நிதி, நடுகை நாளோடு முடியாமல் பல்லாண்டுப் பராமரிப்புக்கும் அளவீட்டுக்கும் உரியதாக ஒதுக்கப்படவேண்டும். கைவிடப்பட்ட குளங்களின் குத்தகை உரிமை முடிவுறுத்தப்பட்டு, வரம்பு திறக்கும் செலவில் அவற்றால் இலாபமடைந்தோர் பங்கேற்கவேண்டும். எவ்விடத்தை முதலிற் சீராக்குவது என்பதைத் தீர்மானிக்கும் அவையில், கற்பிட்டியிலும் உடப்பிலும் கங்கேவாடியிலும் வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர் வாக்குரிமையோடு அமரவேண்டும். களப்பின் மீனுக்கு இன வேற்றுமை இல்லை. அதன் அழிவும் மூவினத்தையும் ஒருங்கே தாக்கியது. அதனை மீட்கும் திட்டமும் அவர்களை ஒருங்கே அமர்த்துவதாக இருப்பின், களப்போடு சேர்ந்து வேறு சிலவும் மீளக்கூடும்.