கடிபட்ட செப்புக்காசு

சித்திரைப் புத்தாண்டு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கைவிசேஷம்தான். அப்பு வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துத் தருவார். அந்தக் காசைச் செலவழிக்காமல் பேணிக்குள் போட்டு வைத்த பழக்கம் இண்டைக்கும் என்னை விடவில்லை. பழைய நாணயம் எங்கே கண்டாலும் கை சும்மா இராது.

நாம் வந்து குடியேறிய இந்த நியூ ஜேர்சிக்கும் ஒரு காலத்தில் சொந்தக் காசு இருந்தது என்பது எம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரித்தானியாவுடனான போர் 1783இல் முடிந்தபின், சில்லறைத் தட்டுப்பாட்டால் சில மாநிலங்கள் தாமே செப்புக்காசு அடித்தன. நியூ ஜேர்சி சட்டசபை 1786 ஜூன் 1ஆம் திகதி 30 இலட்சம் காசுகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு பக்கம் குதிரைத் தலையும் கலப்பையும், மாநிலத்தின் இலத்தீன் பெயரான ‘நோவா சீசரியா’வும். மறுபக்கம் கேடயமும், ‘பலவற்றிலிருந்து ஒன்று’ என்று பொருள்படும் இலத்தீன் வாசகமும். பின்பு அமெரிக்க நாணயங்களில் நிலைத்துவிட்ட வாசகம் அது. ஒரு ஷில்லிங்குக்கு 15 காசு. 1788ஆம் ஆண்டுவரை பொறிக்கப்பட்ட காசுகள் உண்டு. பிறகு வந்த அரசியலமைப்பு, மாநிலங்கள் நாணயம் அடிப்பதைத் தடுத்துவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில் அப்படி ஒன்று என் கையில் அகப்பட்டது. ஆனால் வட்டமில்லை. ஒரு பக்கத்தில் பிறை வடிவில் துண்டு காணவில்லை.

“இஞ்சாருங்கோ, ஆரோ கடிச்ச விசுக்கோத்து மாதிரிக் கிடக்கு. புளி போட்டு மினுக்கித் தரட்டே?” என்றா மனைவி.

“ஐயோ, தொடாதையும்!” என்று தடுத்துவிட்டேன். குத்துவிளக்கை மினுக்குவது போலப் பழஞ்செம்பை மினுக்கினால் இருநூறு வருட நிறம் போய்விடும். அது திரும்பி வராது. காசின் மதிப்பும் போய்விடும்.

முதலில் காட்டிய நாணயக் கடைக்காரர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “இது பிறகு வெட்டின வெட்டு. உண்மையாய்த் தகட்டில் குறை இருந்தால் அதற்கு நேரெதிர் விளிம்பு மங்கலாய் இருக்கவேணும். இதில அப்படி இல்லை” என்று திருப்பித் தந்துவிட்டார்.

மனம் கேட்கவில்லை. நியூ ஜேர்சிக் காசுகளையே ஆராயும் ஒரு வயோதிபரிடம் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் ஒரு மணித்தியாலம் இருந்தார். அவர் சொன்னது இதுதான்:

விளிம்பு மங்கும் அடையாளம் இயந்திரத்தால் விளிம்பு உயர்த்தப்பட்ட பிற்காலக் காசுகளுக்குரியது. இந்தக் காசுகளுக்கு அந்த வேலையே நடக்கவில்லை. ஆகவே அந்த அளவுகோல் இதற்குப் பொருந்தாது. செப்புத் தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டி எடுக்கும்போது தகட்டைப் போதிய அளவு நகர்த்தாவிட்டால், வெட்டும் கருவி முன்பு வெட்டிய ஓட்டைமேல் விழும். அதனால்தான் பிறை வடிவம். கடிவாயின் வளைவும் காசின் வளைவும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பது இதனாலேயே. அச்சு அழுத்தியபோது செம்பு வெற்றிடத்துப் பக்கம் நகர்ந்து, பக்கத்து எழுத்துக்கள் இழுபட்டு மங்கியிருந்தன. பிறகு வெட்டியிருந்தால் எழுத்து கத்தியால் அறுத்தது போலக் கூராக நின்றிருக்கும். கடிவாயிலும் மற்ற இடங்களில் உள்ள அதே பழுப்பு, அதே தேய்வு.

அக்காலத்தில் அச்சுக்களைக் கையால் செதுக்கியதால் ஒன்றுபோல் மற்றது இராது. எட்வேர்ட் மாரிஸ் என்ற வைத்தியர் 1881இல் அவற்றை வகைப்படுத்தி நூலாக்கினார். குதிரையின் காதும் கலப்பைப் பிடியும் எந்த எழுத்துக்கு நேரே நிற்கின்றன என்று ஒப்பிட்டு, என் காசின் அச்சையும் பெரியவர் கண்டுபிடித்தார். வார்த்த போலிகளில் காணும் குமிழ்த் துளையோ விளிம்புப் பொருத்துக்கோடோ இல்லை.

“காசு நல்ல காசு. இந்தக் குறை அது பிறக்கேக்கையே வந்தது” என்றார்.

எனக்கு என் அகதி விசாரணை நினைவுக்கு வந்தது. என் பிறப்புச் சான்றிதழின் ஒரு மூலை, இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் நனைந்து கிழிந்து போனது. முத்திரையில் பாதி இல்லை. முதலில் பார்த்தவர் அதையே காரணம் காட்டிச் சந்தேகப்பட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர், அந்த மூலை எப்படிப் போனது என்று கேட்டார். கேட்டபடியால்தான் இன்று இங்கே இருக்கிறேன்.

பெரிய விலை போகும் காசல்ல அது. இந்த வருடம் கைவிசேஷமாக மகனுக்குக் கொடுக்கப் போகிறேன். வெற்றிலையில் வைத்துத்தான். புளி போடக்கூடாது என்ற சொல்லோடு.