காம்ரேட்ஸ்: ஓடவும் ஓய்வெடுக்கவும் கற்றுக்கொண்ட கதை

பெங்களூர், மும்பை, புனே, ஹைதராபாத் என்று பிழைப்புக்காக வந்து சேர்ந்த ஊர்களில் நம்மவர்களிடம் கொஞ்ச வருடங்களாக ஒரு மாற்றம் தெரிகிறது. நாற்பதைத் தொட்டதும் டாக்டர் சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று பயமுறுத்துகிறார். நடக்க ஆரம்பிக்கிறார்கள். நடை ஓட்டமாகிறது. பத்து கி.மீ., அரை மாரத்தான், முழு மாரத்தான்... அப்புறம் ஒரு நாள் "காம்ரேட்ஸ் ஓட தென்னாப்பிரிக்கா போறேன்" என்று வந்து நிற்கிறார்கள். இந்தியாவிலிருந்து இப்படிப் போகிறவர்கள் இப்போது ஒருவர் இருவர் இல்லை, நூற்றுக்கணக்கில்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் தெரிவது இரண்டே விஷயம். ஒன்று, ஆறு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வீட்டில் இல்லை. இரண்டு, போய்வந்தபின் ஒரு வாரம் மாடிப்படியில் முன்பக்கமாக இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறார்! இந்த இரண்டுக்கும் நடுவே நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒரு பவுண்டு கடன்

விக் கிளாபம் என்று ஒரு ரயில் எஞ்சின் டிரைவர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான கி.மீ. நடந்தே தீர்த்த சிப்பாய்களில் ஒருவர். போர் முடிந்ததும், இறந்துபோன தோழர்களுக்குச் சிலை வேண்டாம், அவர்கள் பட்ட கஷ்டத்தை நினைவுபடுத்தும் ஒரு பந்தயம் வேண்டும் என்று கேட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலிருந்து கடலோர டர்பன் வரை, கிட்டத்தட்ட 90 கி.மீ. முன்னாள் சிப்பாய்கள் சங்கம் "உனக்கென்ன பைத்தியமா" என்கிற ரீதியில் மறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 1921இல் சம்மதித்து, செலவுக்கு ஒரு பவுண்டு கடனும் கொடுத்தது.

1921 மே 24. கிளம்பியவர்கள் 34 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர். ஜெயித்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம்.

அன்றைக்கு இவ்வளவு தூரம் ஓட எப்படித் தயாராவது என்று சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. அடுத்த வருடம் ஓடிய ரக்பி ஆட்டக்காரர் பில் பெய்ன் ரக்பி பூட்ஸைப் போட்டுக்கொண்டே ஓடினார். வழியில் ஹோட்டலில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டார். மறுநாள் கொப்புளக் காலோடு ரக்பி ஆடப் போய்விட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு நியூட்டன்

ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்லை, இவர் ஆர்தர் நியூட்டன். இங்கிலாந்திலிருந்து நேட்டாலுக்கு வந்து பண்ணை வைத்திருந்தவர். அவர் நிலத்தைச் சுற்றியிருந்த நிலங்களைக் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது அரசு. தன் பண்ணை இனி உருப்படாது என்று நஷ்டஈடு கேட்டார். கிடைக்கவில்லை. பேர் வாங்கினால்தான் தன் குறையை நாலு பேர் கேட்பார்கள், பேர் வாங்கச் சுலபமான வழி விளையாட்டு என்று கணக்குப் போட்டார். 1922 புத்தாண்டு அன்று ஓட ஆரம்பித்தபோது அவருக்கு வயது 38. (நம் ஆட்கள் ஆரம்பிக்கும் அதே வயது!)

முதல் நாள் ஓடியது இரண்டு மைல். அதற்கே கால் விறைத்து அடுத்த சில நாள் ஓட முடியவில்லை. அங்கேதான் அவருக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் கொஞ்ச தூரம் மூச்சிரைக்க ஓடுவது. நியூட்டன் தலைகீழாக மாற்றினார். மெதுவாக ஓடு. தினமும் ஓடு. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. பயிற்சியில் யாரோடும் போட்டி போடாதே. உடம்பைப் பழக்கு, வதைக்காதே. இவ்வளவுதான் அவர் வேதம்.

ஐந்து மாதத்தில் 1922 பந்தயத்தை ஜெயித்தார். 1923இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு 6 மணி 56 நிமிடம். ரோவன் ஓடிய அதே திசையில், இரண்டு வருடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. மொத்தம் ஐந்து முறை ஜெயித்தார். வாழ்நாளில் ஒரு லட்சம் மைலுக்கு மேல் ஓடி, அதற்குக் கணக்கும் எழுதி வைத்தார். 1935இல் புத்தகமும் போட்டார். இன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் "ஈஸி ரன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போகிறாரே, அது நியூட்டன் போட்ட பாதைதான்.

ஓட்டத்தின்போது அவர் குடித்தது என்ன தெரியுமா? நிறைய சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் போட்ட எலுமிச்சை ஜூஸ். நம் வீட்டுச் சமாச்சாரம்! சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும் என்று விஞ்ஞானம் விளக்கியது பல வருடம் கழித்து. பேதியானால் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதும் இதனால்தான்.

நஷ்டஈடு? அது கடைசிவரை கிடைக்கவில்லை. 1925இல் ரொடீஷியாவுக்குப் போய்விட்டார். பாதி வழியில் டிரம்மண்ட் அருகே சாலையோர மேட்டில் அவர் உட்கார்ந்து இளைப்பாறுவார் என்று ஒரு குழிவு இருக்கிறது. இன்றும் ஓடுகிறவர்கள் அதில் பூ வைத்து, தொப்பியைத் தூக்கி, "குட் மார்னிங், ஆர்தர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொன்னால் மீதிப் பாதி நல்லபடியாகப் போகுமாம்.

சாலை யாருக்கு?

இந்த இடத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நமக்குத் தெரிந்த ஊர்தான். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது அங்கேதான். டர்பன் இன்னும் நெருக்கம். மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கிய துறைமுகம் அது. அவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் வாழ்ந்த ஊரின் வழியாகத்தான் இந்தப் பந்தயம் ஓடியது. ஆனால் அவர்கள் ஓட முடியாது. வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் அனுமதி.

சிலர் அனுமதி கேட்காமலே ஓடினார்கள். 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண், 11 மணி 35 நிமிடம். 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர், 9 மணி 30 நிமிடம். ஓடி முடித்தார்கள், ஆனால் அதிகாரபூர்வப் பட்டியலில் இடமில்லை. கதவு திறந்தது 1975இல். கறுப்பினத்தவர், இந்தியர், பெண்கள் எல்லோரும் முறைப்படி பெயர் கொடுக்க முடிந்தது அப்போதுதான். பந்தயம் ஆரம்பித்து 54 வருடம் கழித்து! முதல் கறுப்பின வெற்றியாளர் சாம் ட்ஷபலாலா வந்தது 1989இல். உடம்பை எவ்வளவு பழக்கினாலும் சட்டம் வழிவிட்டால்தான் ஓட முடியும் என்பதும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பாடம்.

குறைவாக ஓடி ஜெயித்தவர்

நியூட்டன் பாடத்தை ஒரு தலைமுறை அப்படியே பிடித்துக்கொண்டது, "இன்னும் தூரம், இன்னும் தூரம்" என்று. ஓய்வு என்றால் சோம்பேறித்தனம். அதை உடைத்தவர் புரூஸ் ஃபோர்டைஸ். 1981 முதல் 1988 வரை தொடர்ந்து எட்டு முறை, 1990இல் ஒன்று, ஆக ஒன்பது வெற்றி. 1981இல் நிறவெறி அரசின் குடியரசு தினக் கொண்டாட்டத்தோடு பந்தயத்தைச் சேர்த்ததை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டி ஓடினார். கூட்டம் கூச்சல் போட்டது, தக்காளி எறிந்தது. அவர் பாட்டுக்கு ஓடி ஜெயித்தார்.

அவர் முறை என்ன? வருடம் முழுக்க உச்சத்தில் ஓடுவதில்லை. பந்தயத்துக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும் கடுமை. கடைசியில் நன்றாகக் குறைத்துவிடுவது. அதிகப் பயிற்சியோடு கோட்டில் நிற்பதைவிடக் கொஞ்சம் குறைந்த பயிற்சியோடு நிற்பது மேல் என்பது அவர் கட்சி. பந்தய நாளிலும் அப்படித்தான். முதல் பாதியில் மற்றவர்களை விட்டுவிடுவார், இரண்டாம் பாதியில் ஒவ்வொருவராகப் பிடிப்பார். 1986இல் டர்பன் நோக்கி அவர் ஓடிய 5 மணி 24 நிமிடம் இருபது வருடத்துக்கு மேல் சாதனையாக நின்றது.

டாக்டர்கள் கண்டுபிடித்தது

இதே காலத்தில்தான் கேப்டவுன் டாக்டர் டிம் நோக்ஸ் வருகிறார். தானே பலமுறை காம்ரேட்ஸ் ஓடியவர். (சாப்பாடு விஷயத்தில் அவர் பின்னாளில் சொன்னவை பெரிய சர்ச்சையானது. அது வேறு கதை.)

ஒரு காலத்தில் ஓடும்போது தண்ணீர் குடிப்பதே பலவீனம் என்றார்கள். எழுபது, எண்பதுகளில் அது மாறி, தாகம் எடுப்பதற்கு முன்பே முடிந்த அளவு குடி என்றார்கள். 1981 காம்ரேட்ஸில் ஒரு பெண் அப்படியே குடித்துக் குடித்து, நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். காரணம் தண்ணீர்க் குறைவு அல்ல, தண்ணீர் அதிகம். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கியிருந்தது. இதுபோன்ற நான்கு பேரைப் பற்றி நோக்ஸும் கூட இருந்தவர்களும் 1985இல் எழுதினார்கள். உலகம் உடனே கேட்கவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதன் பிறகுதான் "தாகத்துக்குக் குடி" என்பது பொதுவான அறிவுரையானது.

அடுத்தது, கோட்டைத் தாண்டியதும் விழுவது. விழுந்தவர்களுக்கெல்லாம் முன்பு டிரிப்ஸ் ஏற்றினார்கள். பெரும்பாலோர் விழுவது ஓடும்போது அல்ல, ஓடி முடித்தபின் என்று கவனித்தவர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். ஓடும்வரை கெண்டைக்கால் தசை ஒரு பம்ப் மாதிரி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் இறங்கிவிடுகிறது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் பலருக்குச் சில நிமிடத்தில் தெளிந்துவிடும்.

அப்புறம் அந்த மாடிப்படி. டர்பன் நோக்கிப் போகும் வருடங்களில் இறக்கம் அதிகம். இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயலும் அதே நேரத்தில் நீட்டப்படுகிறது. ஏற்றத்தைவிட இதில்தான் நார்கள் அதிகம் கிழியும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் காம்ரேட்ஸ் ஓடியவர்களைக் குதிக்கச் சொல்லி அளந்தார்கள். இரண்டு வாரம் தாண்டியும் பழைய உயரம் வரவில்லை. வலி போய்விட்டது என்பதற்காகத் தசை திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை!

சளி, தொண்டை வலியும் உண்டு. கேப்டவுனில் 56 கி.மீ. ஓடியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அடுத்த இரண்டு வாரத்தில் இவை வந்ததாகவும், ஓடாதவர்களில் அது பாதிதான் என்றும் 1983இல் ஓர் ஆய்வு சொன்னது. இன்னும் மோசமானது சிறுநீரகம். தசை நொறுங்கி இரத்தத்தில் கலப்பது, உடம்பில் நீர் வற்றுவது, போதாக்குறைக்கு வழியில் விழுங்கும் வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து சிறுநீரகம் நின்றுபோனவர்களை டர்பன் டாக்டர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

நூறு வருடப் பாடத்தைச் சுருக்கினால் இதுதான். ஓடினால் மட்டும் உடம்பு பலமாகிவிடுவதில்லை. ஓடியதை ஆற்றிக்கொள்ளும்போதுதான் பலமாகிறது. ஓடக் கற்றுக்கொடுக்க நியூட்டனுக்குச் சில வருடம் போதும் என்றிருந்தது. ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்ள உலகத்துக்கு இன்னும் அறுபது வருடம் ஆனது.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது போகிறார் என்றால் சில விஷயங்களை நீங்கள் நினைவில் வையுங்கள், அவர் அந்த நேரத்தில் நினைக்கமாட்டார். முடித்ததும் சட்டென்று நிற்காமல் மெல்ல நடக்கட்டும். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். பேச்சு குழறினால், வாந்தி நிற்காவிட்டால், விரல் வீங்கி மோதிரம் இறுகினால், பாசமாகத் தண்ணீரைப் புகட்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும், போகவே இல்லை என்றாலும் அப்படியே. வலி மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கவிடுங்கள். "வலி போயிடுச்சு, அடுத்த மாசம் இன்னொரு மாரத்தான்" என்று அவர் ஆரம்பித்தால் ஃபோர்டைஸ் கதையைச் சொல்லுங்கள்.

ஓடுவதற்கு லீவு கேட்கிறவர் ஓய்வுக்கும் சேர்த்தே லீவு கேட்கட்டும்.