நீர் மட்டும் போதுமா? டெல்டாவில் உரிமைக்கான உதவி

வளர்ச்சி உதவி என்றதும் சாலை, பாலம், கால்வாய்தான் நம் நினைவுக்கு வருகின்றன. காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பகுதியில் ஆறுகளைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016ல் 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அவசியமான பணிதான். ஆனால் அந்த நீர் பாயும் வயல் யார் பெயரில் இருக்கிறது? இதற்குக் கால்வாய் பதில் சொல்லாது. அதற்கு மக்கள் அமைப்புகள் வேண்டும்.

வெண்மணிக்குப் பின்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வுப் போராட்டமே இதன் பின்னணி. இதன் பிறகு அப்பகுதிக்கு வந்த சர்வோதயத் தம்பதியர் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981ல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினர். நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்தனர். இவ்வாறு சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன.

கடலோர இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பானபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள பண்ணைகளை அகற்ற 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2008ல் இத்தம்பதியருக்கும் லாஃப்டிக்கும் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு நன்கொடைகளை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2020 திருத்தத்தின்படி:

• பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக்கே வர வேண்டும்.
• பெற்ற நிதியை வேறு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது.
• நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரிய அமைப்புகள் வழியாக நிதி பெற்று வந்த கிராமத்துச் சிறு சங்கங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வழக்கறிஞர் கட்டணம் போன்றவை நிர்வாகச் செலவில் சேர்வதால், உரிமைக்காக வழக்காடும் அமைப்புகளுக்கே சுமை கூடுகிறது.

நம் குடும்பங்கள் கவனிக்க

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டு உழைப்பால் எழுந்த பள்ளிக்கூடங்களும் அறக்கட்டளைகளும் உண்டு. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பே. அதைப் பெற அறக்கட்டளைக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். எனவே நன்கொடையாளரின் குடியுரிமையைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டே பணத்தைப் பெறுவோம். நல்ல நோக்கம் கணக்குப் புத்தகத்தில் தடுக்கி விழக் கூடாது.