நாட்குறிப்பில் யார் அந்த ‘நான்’?

1827ஆம் ஆண்டு, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயரில் நாட்குறிப்பு ஒன்று தொடங்கப்பெற்றது. கற்ற பாடங்கள், கேட்ட கச்சேரிகள், சந்தித்த மனிதர்கள் யாவும் ‘நான்’ என்ற தன்மையிடத்திலேயே அதில் பதிவாயின. ஆனால் அப்பக்கங்களில் பெரும்பாலானவற்றை எழுதியது அச்சிறுமியின் கை அன்று. அவளுடைய தந்தையின் கை. மகளின் ‘நான்’ என்ற சொல்லைக்கூடத் தாமே எழுதிய அத்தந்தையின் பெயர் ஃபிரீட்ரிக் விக். பிற்காலத்தில் கிளாரா ஷூமன் என்று ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட பியானோக் கலைஞரே அந்த மகள்.

விக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. பியானோ ஆசிரியராகவும் பியானோ வணிகராகவும் இருந்த அவர், மகளுக்கு வாசிப்பை மட்டும் கற்பிக்கவில்லை. தாம் எழுதிய வணிகக் கடிதங்களை அந்நாட்குறிப்பிலேயே படியெடுக்கச் செய்து, கச்சேரித் தொழிலின் நெளிவுசுளிவுகளையும் கற்பித்தார். 1828இல் தம் ஒன்பதாம் வயதில் லைப்சிக்கின் கேவாந்த்ஹவுஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய கிளாரா, 1838இல் வியன்னாவில் ஆஸ்திரியப் பேரரசரின் அரசவைக் கலைஞர் என்ற பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அந்நாளில் ஒரு கச்சேரி எவ்வாறு நடந்தது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். இன்றுள்ளது போன்ற ஏற்பாட்டு நிறுவனங்கள் அன்று இல்லை. கலைஞர் அறிமுகக் கடிதங்களுடன் ஓர் ஊருக்குச் சென்று, செல்வாக்குள்ள குடும்பங்களைக் கண்டு, அரங்கை வாடகைக்குப் பிடித்து, நல்ல பியானோ ஒன்றைத் தேடிப் பெறவேண்டும். தனியொருவரே முழுக் கச்சேரியையும் நிகழ்த்தும் வழக்கம் அப்போது வேரூன்றவில்லை. ஆகவே உடன் பாடவும் இசைக்கவும் உள்ளூர்க் கலைஞர்களைத் திரட்டவேண்டும். நிகழ்ச்சித் தாள்களையும் நுழைவுச் சீட்டுகளையும் அச்சடித்து, விளக்குச் செலவு வரை கணக்குப் பார்த்து, எஞ்சியதை வருமானமாகக் கொள்ளவேண்டும். கிளாராவுக்காக இவையனைத்தையும் செய்தவர் தந்தையே. வந்த பணமும் அவர் கையிலேயே இருந்தது.

இந்நிலையில்தான் காதல் குறுக்கிட்டது. விக்கிடம் பியானோ பயில வந்து அவர் வீட்டிலேயே தங்கியிருந்த ராபர்ட் ஷூமன், 1837இல் கிளாராவை மணக்க விரும்பி இசைவு கேட்டார், விக் மறுத்தார். 1839 தொடக்கத்தில் கிளாரா பாரிஸ் செல்லவேண்டிய வேளையில் விக் உடன்வர மறுத்துவிட்டார். தாம் அமர்த்திய ஒரு பிரெஞ்சுப் பெண்மணியை மட்டும் துணைக்கு அனுப்பினார். தனியே தடுமாறி மகள் திரும்பி வருவாள் என்பது அவர் எதிர்பார்ப்பு.

கிளாரா திரும்பவில்லை. வழியில் நியூரம்பர்க், ஸ்டுட்கார்ட் முதலிய நகரங்களில் வாசித்துக்கொண்டே பாரிஸை அடைந்தார். கடிதங்கள் எழுதினார், பிரமுகர்களைக் கண்டார், மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அவ்வாண்டு ஏப்ரலில், பியானோ செய்வதில் புகழ்பெற்ற எரார் நிறுவனத்தாரின் அரங்கில் அவருடைய கச்சேரி நடந்தேறியது. அது பாரிஸைப் புரட்டிப்போட்ட வெற்றி அன்று. எனினும், பத்தொன்பது வயதுப் பெண் தன் தொழிலைத் தானே நடத்திக்காட்டிய அந்த மாதங்களே அவர் வாழ்வின் திருப்புமுனை என்பது என் கருத்து. வியன்னாவின் பட்டம் அவர் விரல்களுக்குக் கிடைத்தது. பாரிஸில் அவர் பெற்றதோ தன்னம்பிக்கை. அதற்கான பயிற்சியைத் தந்தவர் அதே தந்தை என்பது இதிலுள்ள விந்தை.

ஊர் திரும்பியவருக்குத் தந்தையின் வீட்டில் இடமில்லை. மணமுறிவுக்குப்பின் பெர்லினில் வாழ்ந்துவந்த தாயிடம் தஞ்சம் புகுந்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. மகள் வாசிக்கவிருந்த நகரங்களுக்கெல்லாம் அவரைப் பழித்துக் கடிதங்கள் அனுப்பினார் விக். அந்நிலையிலும் கிளாரா கச்சேரிகளை நிறுத்தவில்லை. தீர்ப்பு சாதகமாக வர, 1840 செப்டம்பர் 12 அன்று, தம் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு முதல்நாள், ராபர்ட்டை மணந்தார்.

மணவாழ்வில் மற்றொரு நாட்குறிப்பு தொடங்கியது. கணவனும் மனைவியும் முறைவைத்து எழுதுவது என்பது ஏற்பாடு. ‘நான்’ இப்போது ‘நாங்கள்’ ஆயிற்று. ஆனால் அந்த ‘நாங்கள்’ சமமானதன்று. ராபர்ட் இசையமைக்கும் வேளைகளில் கிளாராவால் பியானோவைத் தொட இயலவில்லை. 1842இல் கச்சேரிப் பயணத்தின் நடுவே ராபர்ட் ஊர் திரும்ப, கிளாரா தனியே கோபன்ஹேகன் சென்று வாசித்தார்.

1854 பிப்ரவரியில் மனநோய் முற்றி ரைன் நதியில் குதித்த ராபர்ட் மீட்கப்பட்டு, எண்டனிக் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கிளாராவிடம் ஆறு குழந்தைகள், ஏழாவது வயிற்றில். நண்பர்கள் உதவிநிதி திரட்ட முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. ஜூன் மாதம் குழந்தை பிறந்தது; அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே மீண்டும் மேடையேறினார். 1856இல் ராபர்ட் மறைந்தபின் பல ஆண்டுகள் குடும்பத்தின் வருவாய் பெரும்பாலும் அவர் விரல்களிலிருந்தே வந்தது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லியாகவேண்டும். குழந்தைகள் உறவினர் வீடுகளிலும் விடுதிப் பள்ளிகளிலுமாகப் பிரிந்து வளர்ந்தனர். 1846இல் அருமையான பியானோ மூவிசை ஒன்றை இயற்றிய கிளாரா, கணவரின் மறைவுக்குப்பின் ஏறக்குறைய எதையும் இயற்றவில்லை. தன் வாழ்வைத் தானே சுமப்பது என்று முடிவெடுத்தவருக்கும் எல்லாவற்றையும் சுமக்க இரு கைகள் போதவில்லை. அவரைச் சாதனைப் பெண்மணி என்று போற்றும் நூல்கள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. அவருள் இருந்த இசையமைப்பாளர் மௌனமானதற்குப் பொறுப்பு அவருடையது மட்டும்தானா என்பதை நாம் சற்று நின்று எண்ணவேண்டும்.

1878 முதல் பிராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரியில் கற்பித்த கிளாரா, 1891இல் எழுபத்தோராம் வயதில் கடைசிக் கச்சேரியை நிகழ்த்தி, 1896இல் மறைந்தார். அவர் தம் நிகழ்ச்சித் தாள்களைத் திரட்டிப் பாதுகாத்து வைத்திருந்தார். 1828 தொடங்கி 1891 வரை, ஏறத்தாழ 1300 தாள்கள். எந்த நாள், எந்த ஊர், எந்த அரங்கு, என்ன வாசித்தார் என்பது அவற்றில் அச்சாகியிருக்கிறது. தந்தை எழுதிய நாட்குறிப்பையும் கணவருடன் பகிர்ந்த நாட்குறிப்பையும் படிப்பவர்கள், இத்தாள்களையும் அவற்றருகே வைத்துப் படிக்கவேண்டும். ‘நான்’ என்ற சொல் அவற்றில் ஓரிடத்திலும் இல்லை. கிளாராவின் தன்வரலாற்றுக்கு மிக நெருங்கி நிற்பவை அவையே.