மாவு எந்த நிலை?

என் மகள் இரண்டாம் வகுப்பு. போன மாதம் சமையலறை வாசலில் நின்று, கிரைண்டர் ஓடுவதைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்பத்தா, மாவு சாலிடா, லிக்விடா?"

என் அம்மா மாவை வழித்துக்கொண்டே, "ரெண்டுந்தான் அம்மிணி. டப்பால இருக்கறதும் மாவுதான், இதுவும் மாவுதான்" என்றார்.

நான் குறுக்கே புகுந்து விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். டப்பாவில் இருக்கும் அரிசி மாவு திடம் என்றால், அதைக் கொட்டினால் ஏன் தண்ணீர் மாதிரி பாத்திரத்தின் வடிவத்துக்கு வருகிறது? மறுநாள் காலையில் அரைத்த மாவு பொங்கி விளிம்பு தாண்டி வழிந்திருந்தது. உள்ளே குமிழ் குமிழாக வாயு. மூன்று நிலையும் ஒரே குண்டாவில்.

நான் தமிழ் வழியில் படித்தவன். எங்களுக்குத் திடம், திரவம், வாயு. இப்போதைய தமிழகப் பாடநூலில் திண்மம், திரவம், வாயு. இலங்கைப் பாடநூல்களிலும் இதே கலவைதான். தனித்தமிழ் விரும்புகிறவர்கள் திண்மம், நீர்மம், வளிமம் என்பார்கள். மூன்றே மூன்று சொல், ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீளும் சண்டை இருக்கிறது.

யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1875இல் வெளியான தன் வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். சொல் இல்லையா, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேட்டி கட்டிவிடு என்கிற வழி. 1916இல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். பின்னாளில் அவரே 'திண்ணை ரசாயனம்' எழுதினார். தலைப்பே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறது: இடம் நம்மூர்த் திண்ணை, ரசாயனம் வடமொழி. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் எதிர்ப்பக்கம் நின்று, தமிழ் வேர்களிலிருந்தே சொற்கள் செய்து தொகுத்தது.

எனக்குத் தமிழ் வேர்களின் பக்கம்தான் சாய்வு. ஆனால் இந்த மூன்று சொற்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிலம், நீர், வளி என்று பூதங்களாக உலகத்தைப் பிரிப்பது நம்மிடம் மட்டுமல்ல, கிரேக்கர்களிடமும் இருந்தது. அந்தப் பிரிவில் நீர் என்பது ஒரு பொருள், காற்று இன்னொரு பொருள். லவாய்சியே 1789இல் எழுதிய வேதியியல் பாடநூல் இதைத் தலைகீழாக்கியது. திடமும் திரவமும் வாயுவும் வெவ்வேறு பொருள்கள் இல்லை. வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒரே பொருள் எடுக்கும் மூன்று நிலைகள். 'நீர்மம்' என்று சொல்லும்போது அந்தப் பழைய பூதம் பின்வாசல் வழியாக மறுபடி வந்துவிடுகிறது. எண்ணெய் நீர்மம், பாதரசம் நீர்மம் என்றால் குழந்தை அதில் தண்ணீரைத்தானே தேடும்?

திண்மமும் லேசுப்பட்டதில்லை. திண் என்றால் உறுதி. சுற்றிலும் பஞ்சாலைகள் நிறைந்த ஊரில், பஞ்சைக் காட்டி இது திண்மம் என்றால் பிள்ளைகள் சிரிக்கும். அதே ஊரின் பவுண்டரிகளில் உலை வாயிலிருந்து தண்ணீராக ஓடுவது இரும்பு. ஏறக்குறைய 1,200 டிகிரிக்கு மேல் போனால் வார்ப்பிரும்பும் திரவம்தான். வடமொழிக்குப் போனாலும் தப்பில்லை. எங்கள் வீட்டில் வாயு என்றால் அது வயிற்றில் இருப்பது, அப்பத்தா அதற்குப் பெருங்காயம் கரைப்பார். (ஆங்கிலக்காரர்களுக்கும் கேஸ் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் கிரேக்கத்தின் 'கேயாஸ்' என்ற சொல்லிலிருந்து உருவாக்கியது.)

இந்தச் சண்டையில் கொங்கு நாட்டுக்காரர்கள் செய்தது வேறு வேலை. அவிநாசிலிங்கம் செட்டியார் 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1946இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானதும் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்விக்கு வழிவிட்டார். வழிவிட்டால் போதுமா, படிக்கப் புத்தகம் வேண்டுமே. அதே ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக அவர் கொண்டுவந்தது தன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த பெரியசாமித் தூரனை. 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது. அது முடிந்த கையோடு தூரன் ஓய்வெடுக்கப் போகவில்லை. அதே 1968இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது. 1976க்குள் அதுவும் பத்துத் தொகுதி. இங்கே பூளைமேட்டில் ஜி.ஆர். தாமோதரன் 1940களின் கடைசியில் 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழைத் தொடங்கி நடத்தினார். பொறியியல் கல்லூரி நடத்தியவர், தமிழில் அறிவியல் இதழும் நடத்தினார். அந்தக் கல்லூரிகளின் வழியில் வந்த நாங்கள் தமிழில் ஒரு பக்கம்கூட அறிவியல் எழுதாமல் பட்டம் வாங்கினோம் என்பது தனிக்கதை.

தூரன் கணிதம் படித்தவர், கீர்த்தனை எழுதியவர், 'குழந்தை உள்ளம்' என்று உளவியல் நூலும் எழுதியவர். பண்டிதர்கள் சொல்லுக்குச் சொல் மோதிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் களஞ்சியத்துக்கு ஆசிரியரானது பெரிய அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன். இருபது தொகுதி முடிக்க வேண்டியவருக்கு ஒரு சொல்லில் பத்து வருஷம் நிற்க முடியாது. பிள்ளைக்குப் புரிகிறதா, அடுத்த பக்கம்.

என் மகள் படிப்பது ஆங்கில வழி. அவளுக்கு சாலிட், லிக்விட், கேஸ். சண்டையே இல்லாத மூன்று சொற்கள் என்று நினைத்திருந்தேன். போன வாரம் சிலிண்டர் வந்தது. இறக்கிவைத்தவர் அதைச் சாய்த்து உருட்டியபோது உள்ளே தளக் தளக்கென்று சத்தம். அழுத்தத்தில் பியூட்டேனும் புரோப்பேனும் திரவமாகத்தான் இருக்கும்.

"அங்கிள், உள்ள தண்ணியா இருக்கு?"

"இல்ல பாப்பா, கேஸு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.