வீட்டு வரிக்குள் ஒரு நூலகம்

ஓசூரில் சொந்த வீடு உள்ளவர்கள் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள். அதனுடன் சேர்ந்தே இன்னொரு வரியும் போகிறது. அதன் பெயர் நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்? கவனித்தாலும், "இதுக்கும் வரியா?" என்று சலித்துக்கொள்வோம்.

ஆனால் இது அரசாங்கம் தானாக நினைத்துப் போட்ட வரி அல்ல. சம்பளம் வாங்காமல் நூலகத்துக்காக உழைத்த சிலர், 20 ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வாங்கிய வரி. நூலகத்தில் தொண்டு செய்வது என்றால் புத்தகம் அடுக்குவது, தூசி தட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது.

சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அதே ஆண்டு நூலகக் கல்வி படிக்க இங்கிலாந்து போனார். அங்கே 1850லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஊர் மக்கள் கட்டும் வரியில் ஊர் நூலகம் நடந்தது. பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லாமல் யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம். நம் ஊரிலோ அன்று நூலகம் என்றால் பெரும்பாலும் படித்தவர்களுக்கு, சந்தா கட்ட முடிந்தவர்களுக்கு.

ஊர் திரும்பிய ரங்கநாதனும் நண்பர்களும் 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக வேலையைப் பார்த்துக்கொண்டே 1945 வரை அதன் செயலாளராக இருந்தார் அவர். நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பைச் சங்கம் 1929ல் ஆரம்பித்தது. இரண்டே ஆண்டுகளில் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது.

1931 அக்டோபரில் இன்னொரு அதிசயம் நடந்தது. மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியையே நூலகமாக மாற்றினார். மன்னார்குடி அருகே மேலவாசல் கிராமத்தில் அது தொடங்கியது. நூலகம் இல்லாத கிராமங்களுக்குப் புத்தகம் வண்டியேறிப் போனது! இன்றைய நடமாடும் நூலகங்களுக்கு அதுதான் முன்னோடி.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வணிகவியல் படிப்பவர்களுக்கு உடனே புரியும். வண்டி செய்வது மூலதனச் செலவு. ஒரு நல்ல மனிதர் ஒருமுறை கொடுத்தால் போதும். ஆனால் மாட்டுக்குத் தீனி, வண்டிக்காரருக்குக் கூலி, கிழிந்த புத்தகத்துக்குப் பதில் புதுப் புத்தகம்... இவையெல்லாம் வருவாயினச் செலவுகள். மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். நன்கொடை கொடுத்தவர் சோர்ந்துபோனால், அல்லது காலமானால், வண்டி நின்றுவிடும். தொண்டால் ஒன்றைத் தொடங்க முடியும். நிலைக்க வைக்க நிரந்தர வருமானம் வேண்டும்.

இதை அந்தத் தொண்டர்களே நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் புத்தகம் கொடுப்பதோடு நிற்காமல் சட்டமும் கேட்டார்கள். ரங்கநாதன் 1930லேயே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதிக் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் வைத்தார். 1933ல் சென்னைச் சட்டசபைக்கு வந்த மசோதா நிறைவேறவில்லை. அவர்கள் விடவில்லை. கடைசியில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். நூலக வரியும், மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழுவும் இதில் வந்தவை.

அப்போது ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு 1965ல் தர்மபுரி மாவட்டம், 2004ல் கிருஷ்ணகிரி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் சட்டம் மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவுக்கு நூலகச் சட்டம் 1965ல்தான் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் இந்த எல்லைப் பகுதியில், கர்நாடகாவுக்கு முன்பே நமக்கு நூலக உரிமை கிடைத்துவிட்டது.

சரி, சட்டம் வந்துவிட்டது. இனி தொண்டு எதற்கு?

வரிப்பணம் கட்டடம் கட்டும், புத்தகம் வாங்கும். ஆளைக் கூட்டி வராது. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளிக்கு எந்த நேரம் நூலகம் திறந்திருந்தால் வசதி? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்கு எந்தப் புத்தகம் வேண்டும்? இதையெல்லாம் ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. 1000 ரூபாய் கொடுத்துப் புரவலராகவும் சேரலாம். பணம் இல்லாத மாணவர்கள் வாரம் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கலாம்.

இன்னொரு வேலையும் உண்டு. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவுக்குத் தராமல் பாக்கி வைப்பதாகத் தமிழ்நாட்டில் பலமுறை செய்திகள் வந்திருக்கின்றன. நம் ஊரில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது? 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்று வருடம் கணக்குப்பதிவியல் படிப்பவர்களுக்கு அந்தப் பதிலைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டமா என்ன?

புத்தகம் அடுக்குவதும் தொண்டுதான். அந்தப் புத்தகம் வாங்கிய காசு எங்கே போகிறது என்று கேட்பதும் தொண்டுதான். ரங்கநாதனும் நண்பர்களும் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். அதனால்தான் வண்டி நின்ற பிறகும் நூலகம் நிற்கவில்லை.